தூரமும் பயண நேரமும்: ஹெல்சிங்கி – டோக்கியோ வான்வழி பற்றிய ஒரு நோக்கு

இரு நகரங்களுக்கிடையிலான தூரம் எவ்வளவு என்ற வினாவும், ஒரு நகரத்திலிருந்து மற்றைய நகரத்தைச் சென்றடைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற வினாவும் ஒரே வினாவின் இரு வடிவங்களாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் பெறப்படும் என்பது பாடசாலைக் கணிதம். விஞ்ஞானம் வளர வேகம் கூடுகின்றது. வேகம் கூட நேரம் குறைகின்றது. ஆகவே உலகம் நாளுக்கு நாள் சுருங்கி வருகின்றது என்ற முடிவு இக்கணிதத்திலிருந்து தானாகவே பெறப்படுவதாகத் தோன்றும். அறிஞரும் பொதுமக்களும் இதனை ஐயத்துக்கிடமற்ற உண்மையாகவே எடுத்தாண்டு வந்துள்ளனர்.

இம்முடிவு எந்த அளவுக்குப் பொருத்தமானது என்பதை ஒரு குறிப்பிட்ட வான்வழியை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியையும் யப்பானின் தலைநகராகிய டோக்கியோவையும் இணைக்கும் வான்வழி இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. 1983 ஆம் ஆண்டில் இவ்விரு நகரங்களுக்குமிடையே இடைத்தரிப்பற்ற விமானசேவை ஆரம்பிக்கப்பட்டபோது பயணத்துக்கு ஏறத்தாழ 13 மணித்தியாலங்கள் பிடித்தன. 2010 களில் அதே பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலங்களில் முடிந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது மீண்டும் ஏறத்தாழ 13 மணித்தியாலமாயிற்று. 1983 இன் விமானத்தைக் காட்டிலும் 2022 இன் விமானம் பல வகையிலும் மேம்பட்டது. நகரங்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவ்வாறாயின் நாற்பது ஆண்டுக்கால முன்னேற்றம் எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு விடைகாணத் தூரம், வேகம், காற்று, அரசு ஆகிய நான்கினையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

1. தூரம்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஓர் அடிமட்டத்தை வைத்துக் கோடு வரைவோமாயின், அக்கோடு தென்கிழக்காகச் சரிந்து, மத்திய ஆசியாவின் விளிம்பையும் மொங்கோலியாவையும் அண்டிச் செல்வதைக் காணலாம். ஆயினும் அக்கோடு மிகக் குறுகிய வழியன்று. கோள வடிவான புவியின் மேற்பரப்பைத் தட்டையான தாளில் எறியஞ்செய்யும்போது எழும் திரிபே அத்தோற்றத்துக்குக் காரணம். ஒரு கோளத்தின் மீதுள்ள இரு புள்ளிகளுக்கிடையிலான மிகக் குறுகிய வழி, அக்கோளத்தின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். பூகோளப் பந்து ஒன்றின் மீது நூலொன்றை இவ்விரு நகரங்களுக்குமிடையே இறுக இழுத்துப் பிடிப்பின், நூல் வடக்கு நோக்கி வளைந்து செல்வதை எவரும் கண்ணால் காணலாம்.

இத்தூரத்தைக் கணிப்பது கடினமன்று. ஹெல்சிங்கி விமான நிலையம் வட அகலக்கோடு 60.3 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 25.0 பாகையிலும் அமைந்துள்ளது. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் வட அகலக்கோடு 35.8 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 140.4 பாகையிலும் அமைந்துள்ளது. இரு அகலக்கோடுகளின் சைன்களைத் தம்முள் பெருக்கி, அவற்றின் கோசைன்களின் பெருக்கத்தை நெடுங்கோட்டு வித்தியாசத்தின் கோசைனால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் மையக் கோணத்தின் கோசைன் கிடைக்கும். அக்கோணம் இங்கு ஏறத்தாழ 70.4 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீற்றருக்குச் சமனாதலால், இரு நகரங்களுக்குமிடையிலான தூரம் ஏறத்தாழ 7,830 கிலோமீற்றராகும்.

இவ்வில் செல்லும் திசையையும் நோக்குதல் வேண்டும். ஹெல்சிங்கியிலிருந்து அது வடகிழக்காகப் புறப்படுகின்றது. ஊரல் மலைத்தொடரின் வட அந்தத்தைக் கடந்து, ஓப் நதி கடலை நோக்கி விரியும் பகுதியில் ஏறத்தாழ 67 பாகை வட அகலக்கோட்டைத் தொடுகின்றது. அஃதாவது ஆட்டிக் வட்டத்தைச் சற்றே கடந்து செல்கின்றது. பின்னர் தென்கிழக்காக இறங்கி, சைபீரியாவை ஊடறுத்து, அமூர் நதியையும் சீனாவின் வடகிழக்கு மூலையையும் தாண்டி யப்பானியக் கடலை அடைகின்றது. மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒரே நாட்டின் நிலப்பரப்பின் மேலாகவே அமைகின்றது. அந்நாடு ரஷ்யா, 1991 வரை சோவியத் யூனியன். இக்கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இந்த நான்கில் மூன்று பங்கையே பற்றியது எனலாம்.

2. வேகம்

ஐரோப்பாவிலிருந்து யப்பானுக்கு வான்வழியாகச் செல்லும் முயற்சிகள் தொடக்கத்தில் இப்பெருவட்டப் பாதையை எட்டியும் பார்க்கவில்லை. 1937 ஏப்ரலில் யப்பானின் அசாஹி செய்தித்தாள் நிறுவனத்தின் ‘கமிகாசே’ என்னும் விமானம் டோக்கியோவிலிருந்து இலண்டனுக்குப் பறந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. அது தாய்வான், இந்தோசீனா, இந்தியா, ஈராக், கிரேக்கம், இத்தாலி வழியாகச் சென்றது. இலண்டனுக்கும் டோக்கியோவுக்குமிடையிலான பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 9,600 கிலோமீற்றர். அவ்விமானம் பறந்ததோ 15,357 கிலோமீற்றர். வானில் கழிந்த நேரம் 51 மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதல். இடையில் தரித்துநின்ற நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 94 மணித்தியாலங்களுக்கு மேல். எனவே பயண நேரத்தின் ஏறத்தாழப் பாதி தரையிலேயே கழிந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரும் வழி தெற்காகவே இருந்தது. 1953 ஏப்ரலில் பிரித்தானிய விமானசேவை நிறுவனம் ‘கொமெற்’ ஜெற் விமானத்தை இலண்டன் – டோக்கியோ வழியில் ஈடுபடுத்தியபோது, விசிறி விமானத்தில் 86 மணித்தியாலங்களுக்கு மேல் எடுத்த பயணம் 36 மணித்தியாலமாகக் குறைந்தது. உலகம் சுருங்குகின்றது என்ற கூற்றுக்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1954 இல் உலோகச் சோர்வினால் நேர்ந்த விபத்துக்களை அடுத்து அவ்விமானம் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டதெனினும், ஜெற் இயந்திரத்தின் மேன்மை நிரூபிக்கப்பட்டுவிட்டது.

இங்கு ஓர் உண்மையை வலியுறுத்துதல் அவசியம். 1958 இல் போயிங் 707 விமானம் சேவைக்கு வந்த காலந்தொட்டுப் பயணிகள் விமானங்களின் சாதாரண வேகம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வளித்தடை சடுதியாகக் கூடுவதும், அதனை வெல்ல வேண்டிய எரிபொருளின் விலையுமே இதற்குக் காரணங்கள். 1976 முதல் 2003 வரை சேவையிலிருந்த கொன்கோர்ட் ஒரு விதிவிலக்கு. அது இவ்வழியில் ஒருபோதும் சேவையில் ஈடுபட்டதில்லை. 1983 இல் பறந்த டீ.சீ.-10 விமானத்துக்கும் 2022 இல் பறந்த எயார்பஸ் ஏ-350 விமானத்துக்கும் வேகத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. இடைக்காலத்தில் வளர்ந்தவை எரிபொருட் சிக்கனமும், தரிக்காது பறக்கக்கூடிய எல்லையும், பாதுகாப்புமே.

7,830 கிலோமீற்றரை மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் கடப்பதற்கு 9 மணித்தியாலமும் 12 நிமிடமும் வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சிறிது நேரத்தைச் சேர்ப்பின் ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலமாகும். 2010 களின் பயண நேரம் இதுவேயென முன்னர் கண்டோம். எனவே பாடசாலைக் கணிதம் 2010 களுக்கு மட்டுமே பொருந்துகின்றது. 1983 க்கும் 2022 க்கும் பொருந்தவில்லை.

கடிகார நேரத்தையும் பயண நேரத்தையும் மயக்குதல் கூடாது என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். யப்பானிய நேரம் பின்லாந்தின் குளிர்கால நேரத்தைவிட 7 மணித்தியாலங்களும், கோடைகால நேரத்தைவிட 6 மணித்தியாலங்களும் முந்தியது. குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கு ஹெல்சிங்கியை விட்டு 13 மணித்தியாலம் பறக்கும் விமானம், டோக்கியோ நேரப்படி மறுநாட் பிற்பகல் 2 மணிக்கு இறங்கும். கடிகாரம் 20 மணித்தியாலங்களைக் காட்டும். அவற்றுள் 7 மணித்தியாலங்கள் வெறும் கணக்கு வழக்கே.

3. காற்று

ஒரே பாதையிற் போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. வட அரைக்கோளத்தின் நடு அகலக்கோடுகளில், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் ஜெற் காற்றோட்டமே இதற்குக் காரணம். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு அது துணையாகவும், மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்குத் தடையாகவும் அமைகின்றது.

இக்காற்றோட்டத்தை முறையாக அளந்தறிந்தவர்களுள் முதன்மையானவர் யப்பானிய வானிலை ஆய்வாளர் வசபுரோ ஓயிஷி. டோக்கியோவுக்கு வடக்கேயுள்ள ததேனோ உயர்வளி ஆய்வுநிலையத்தின் தலைவராயிருந்த அவர், 1920 களில் பலூன்களை மேலே அனுப்பி, குளிர்காலத்தில் யப்பானின் மேல் மிக வேகமான மேற்குக் காற்று வீசுவதைக் கண்டறிந்தார். உலக அறிஞர் அனைவரும் படித்தறிய வேண்டும் என்ற விருப்பினால் 1926 இல் தமது அறிக்கையை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். யாவர்க்கும் பொதுவெனக் கருதப்பட்ட அம்மொழியைப் படித்தறிந்த வானிலையாளர் மிகச் சிலரேயாதலால், அவ்வறிக்கை வெளியுலகில் ஏறக்குறையக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1944 நவம்பரில் டோக்கியோவைக் குண்டுவீசித் தாக்கச் சென்ற அமெரிக்க பீ-29 விமானங்கள் அக்காற்றினாற் பெரிதும் அலைக்கழிக்கப்பட்டன. அதே காலப்பகுதியில் யப்பானியப் படையினர் அதே காற்றைப் பயன்படுத்திப் பசுபிக் சமுத்திரத்துக்கு அப்பால் குண்டு தாங்கிய பலூன்களை அனுப்பினர். சமாதான நோக்குடன் வெளியிடப்பட்ட அறிவு முதலில் யுத்தகளத்திலேயே பயன்பட்டமை சிந்திக்கத்தக்கது.

பயணிகள் சேவைக்கு இதன் பயன் 1952 நவம்பரில் தெளிவாயிற்று. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானமொன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இக்காற்றோட்டத்தின் துணையுடன் பறந்து, 18 மணித்தியாலப் பயணத்தை பதினொன்றரை மணித்தியாலமாகக் குறைத்தது. ஆயினும் காற்றினால் ஏற்படும் வேறுபாடு பருவத்துக்கும் திசைக்கும் ஏற்பக் கூடிக் குறையும் தன்மையது. 1983 க்கும் 2010 களுக்கும் 2022 க்கும் இடையில் ஏற்பட்ட நிலையான மாற்றத்தை அது விளக்கவியலாது.

4. அரசும் வான்வெளியும்

கடலின் நடுப்பகுதி எவருக்கும் உரியதன்று என்ற கோட்பாடு பல நூற்றாண்டுகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்தது. வானும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று வாதிட்ட சட்ட அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தனர். முதலாம் உலக யுத்தம் அவ்வாதத்தை முடித்துவைத்தது. 1919 இன் பாரிஸ் சமவாயமும், 1944 டிசம்பரில் கைச்சாத்தான சிக்காகோ சமவாயமும், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனியுரிமையான இறைமை உண்டென உறுதிசெய்தன. ஓர் அந்நிய விமானம் தரையில் இறங்காது மேலாகக் கடந்துசெல்வதற்குக்கூட அனுமதி வேண்டும். திட்டமிட்ட விமானசேவைகளுக்கு இவ்வனுமதியைப் பொதுவாக வழங்கும் தனியான உடன்படிக்கையொன்று சிக்காகோவில் உருவாக்கப்பட்டது; சோவியத் யூனியன் அம்மாநாட்டிலும் பங்குபற்றவில்லை, அவ்வுடன்படிக்கையிலும் சேரவில்லை. 1970 இல் அது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தில் இணைந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை.

இதன் விளைவாகக் கெடுபிடி யுத்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கும் யப்பானுக்குமிடையே நின்ற தடை மலையுமன்று, கடலுமன்று. உலகின் மிகப் பெரிய நிலப்பரப்பு முழுவதும் வானிலிருந்து மூடப்பட்டிருந்தது. மேற்கு நாடுகளின் விமானசேவைகளுக்கு இரு வழிகளே எஞ்சின. ஒன்று இந்தியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் சுற்றிச்செல்லும் பழைய தென்வழி. மற்றையது வட துருவத்தை அண்டி அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்லும் புதிய வழி. 1957 பெப்ரவரியில் ஸ்கண்டிநேவிய விமானசேவை கொப்பன்ஹேகன் – அங்கரேஜ் – டோக்கியோ சேவையைத் தொடக்கியது. தென்வழியில் ஏறத்தாழ 50 மணித்தியாலம் எடுத்த பயணம் இதனால் ஏறத்தாழ 32 மணித்தியாலமாகக் குறைந்தது. அங்கரேஜ் நகரம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலக விமானப் போக்குவரத்தின் சந்தியாயிற்று. அந்நகரின் செழிப்பு, சைபீரியாவின் மேல் இடப்பட்டிருந்த தடையின் மறுபக்கமேயாகும்.

தடை முற்றாக இறுகியதாகவும் இருக்கவில்லை. 1967 ஏப்ரலில் மொஸ்கோ – டோக்கியோ சேவை, ஏரோபுளொட் நிறுவனமும் யப்பான் விமானசேவையும் சேர்ந்து நடத்திய கூட்டுச் சேவையாக, சோவியத் விமானத்தைக் கொண்டு தொடங்கியது. 1970 இல் யப்பானிய விமானங்கள் தாமே மொஸ்கோவில் இறங்கி மேற்கு ஐரோப்பாவுக்குச் செல்லத் தொடங்கின. மொஸ்கோவில் இறங்குதல் இவ்வழியின் நிபந்தனையாக அமைந்தது. இடைத்தரிப்பின்றி மேலாகக் கடந்துசெல்லும் உரிமை இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

பின்லாந்தின் நிலை இங்கு தனித்துவமானது. சோவியத் யூனியனுடன் நீண்ட எல்லையைக் கொண்ட நடுநிலை நாடான அதன் தேசிய விமானசேவை, 1983 ஏப்ரல் 22 ஆம் நாள் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு இடைத்தரிப்பற்ற சேவையை ஆரம்பித்தது. மேலதிக எரிபொருட் தாங்கி பொருத்தப்பட்ட டீ.சீ.-10 விமானம் நேரே வடக்காகச் சென்று, வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையிலான பேரிங் நீரிணையை அடைந்து, கம்சட்கா தீபகற்பத்தைக் கிழக்கே விலகிச் சுற்றிக்கொண்டு யப்பானை அடைந்தது.

இச்சுற்றின் நீளத்தை நாமே கணிக்கலாம். ஹெல்சிங்கியிலிருந்து துருவம் வரை 29.7 பாகை, அஃதாவது 3,300 கிலோமீற்றர். துருவத்திலிருந்து பேரிங் நீரிணை வரை ஏறத்தாழ 2,690 கிலோமீற்றர். அங்கிருந்து டோக்கியோ வரை பெருவட்டத் தூரமே ஏறத்தாழ 4,660 கிலோமீற்றர். கம்சட்காவை விலகிச் செல்வதால் அது மேலும் கூடும். ஆகக் குறைந்தது 10,650 கிலோமீற்றர். பெருவட்டத் தூரத்தைவிட இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் இதற்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் வேண்டும். 13 மணித்தியாலம் என்ற கணக்கின் மூலம் இதுவே.

இவ்வழியின் ஆபத்து கற்பனையானதன்று. துருவத்தை அண்டிய பகுதிகளில் காந்தத் திசைகாட்டி நம்பத்தகாதது. 1978 ஏப்ரல் 20 ஆம் நாள் பாரிஸிலிருந்து அங்கரேஜ் வழியாகச் சியோல் செல்லப் புறப்பட்ட கொரிய விமானமொன்று திசைதவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்து, போர் விமானத்தாற் சுடப்பட்டு, உறைந்த ஏரியொன்றின் மீது இறக்கப்பட்டது, இருவர் இறந்தனர். ஹெல்சிங்கி – டோக்கியோ சேவை தொடங்கி ஐந்து மாதங்கள் நிறைவுறுவதற்குள், 1983 செப்டெம்பர் 1 ஆம் நாள், அங்கரேஜிலிருந்து சியோல் சென்ற மற்றொரு கொரிய விமானம் வழிதவறிக் கம்சட்காவையும் சகலின் தீவையும் கடந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தேசப்படத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் எல்லை வானத்தில் உயிர்குடிக்கும் மதிலாக நின்றது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

5. திறந்த வழியும் அதன் விலையும்

1980 களின் பிற்பகுதியில் சோவியத் கொள்கை நெகிழ்ந்தது. 1991 இல் சோவியத் யூனியன் கலைந்தது. ஐரோப்பிய, யப்பானிய விமானங்கள் இடைத்தரிப்பின்றிச் சைபீரியாவின் மேலாகச் செல்லத் தொடங்கின. அங்கரேஜின் பயணிகள் மண்டபங்கள் வெறிச்சோடின. ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணித்தியாலமாயிற்று. வேகத்தில் எவ்வித மாற்றமுமின்றி மூன்றரை மணித்தியாலம் குறைந்தது.

இவ்வழி இலவசமாகத் திறக்கப்படவில்லை. சைபீரியாவைக் கடப்பதற்காக ஐரோப்பிய விமான நிறுவனங்கள் ஆண்டுதோறும் பல நூறு மில்லியன் யூரோவைக் கட்டணமாகச் செலுத்தின. விமான வழிகாட்டற் சேவைக்கான சாதாரண கட்டணத்துக்கு மேலாக, ரஷ்யாவின் தேசிய விமான நிறுவனத்துக்கே இதன் பெரும்பகுதி சென்றது. நிலத்தின் மீதான உரிமையிலிருந்து பெறப்படும் வாடகையைப் பொருளியலாளர் பகுப்பாய்வு செய்துள்ளனர். இது நிலத்தின் மேலுள்ள வெற்றுவெளியிலிருந்து, எவ்வித உற்பத்தியுமின்றி, பெறப்பட்ட வாடகையாகும்.

பின்லாந்து இதனால் பெற்ற நன்மை பெரிது. தனது மக்கள்தொகைக்கு ஒவ்வாத அளவுக்கு விரிந்த ஆசிய விமானசேவையை அது கட்டியெழுப்பியது. ஏனைய ஐரோப்பிய நகரங்களின் பயணிகளை ஹெல்சிங்கிக்குக் கொணர்ந்து அங்கிருந்து கிழக்கே அனுப்புவதே அதன் உபாயம். இவ்வுபாயத்தின் உயிர்நாடி ஓர் எளிய கணக்கு. போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் ஒன்பதரை முதல் பத்து மணித்தியாலம் வீதமும், டோக்கியோவில் தரிப்பதற்கு ஓரிரு மணித்தியாலமும் கொண்டால், ஒரே விமானம் 24 மணித்தியாலத்துக்குள் ஹெல்சிங்கிக்குத் திரும்பி அடுத்த நாளின் அதே பயணத்துக்கு ஆயத்தமாகிவிடும். நாளாந்த சேவையொன்றுக்கு ஒரு விமானமே போதுமானதாயிற்று.

6. 2022 இல் மூடப்பட்ட வான்

2022 பெப்ரவரி 24 ஆம் நாள் ரஷ்யா உக்ரேன் மீது முழு அளவிலான படையெடுப்பை ஆரம்பித்தது. அடுத்த சில நாட்களில் ஐரோப்பிய ஒன்றியம் தனது வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பெப்ரவரி 28 ஆம் நாள் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடிப் பதிலிறுத்தது. அந்த மார்ச் மாதத்திலேயே பின்லாந்தின் விமானங்கள் துருவத்தின் மேலாக டோக்கியோவுக்குப் பறந்தன. 1983 இல் வகுக்கப்பட்ட வழி பெரும்பாலும் அவ்வாறே மீண்டும் கையாளப்பட்டது. காற்றின் போக்கு சாதகமாயின், கருங்கடல், காக்கேசியா, மத்திய ஆசியா, சீனா வழியான தென்வழியும் பயன்பட்டது. 1983 இற் போலவே 2022 இலும் துருவத்தைக் கடந்தமைக்கான சான்றிதழ்கள் பயணிகளுக்கு வழங்கப்பட்டன. விரும்பிச் சென்ற வழியன்று அது. அடைக்கப்பட்ட கதவைச் சுற்றிச் சென்ற வழியே.

மூன்றரை மணித்தியாலம் என்பது பயணியின் அலுப்பை மட்டும் குறிப்பதன்று. போகவும் வரவும் 26 மணித்தியாலம் வேண்டுமாயின் ஒரு விமானம் ஒரு நாளில் திரும்பமாட்டாது. அதே சேவைக்கு இரு விமானங்கள் வேண்டும். ஓய்வு விதிகளின்படி மேலதிக விமானிகளும் பணியாளரும் வேண்டும். ஏ-350 விமானம் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 6 தொன் எரிபொருளை எரிக்கின்றது. மூன்றரை மணித்தியாலத்துக்கு இது 17 முதல் 21 தொன்னாகும். ஒரு தொன் விமான எரிபொருள் எரியும்போது 3.16 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறுவதால், ஒரு வழிப் பயணமொன்றுக்கே 55 முதல் 66 தொன் வரை மேலதிகமாக வளிமண்டலத்திற் சேர்கின்றது. விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் பல்லாண்டு உழைத்துச் சேமித்த எரிபொருளில் ஒரு பகுதி இவ்வாறு சுற்றுவழியிற் செலவாயிற்று.

இச்சுமை எல்லோர் மீதும் சமமாக விழவுமில்லை. ரஷ்யாவினால் தடைசெய்யப்படாத சீன விமானசேவைகள் 2022 க்குப் பின்னரும் சைபீரியாவின் மேலாகவே ஐரோப்பாவுக்குப் பறந்தன. ஒரே இரு நகரங்கள், ஒரே நாள், ஏறக்குறைய ஒரே வகை விமானம். ஆயினும் வாலில் தீட்டப்பட்ட கொடிக்கேற்பப் பயண நேரம் வேறுபட்டது. தூரத்தை வேகத்தால் வகுக்கும் எந்தக் கணிதத்திலும் கொடிக்கு இடமில்லை.

7. முடிவுரை

1857 – 58 ஆம் ஆண்டுகளில் எழுதிய பொருளியற் குறிப்பேடுகளில் கார்ல் மார்க்ஸ், மூலதனம் தனது சந்தையை விரிக்கும் முயற்சியில் இடத்தை நேரத்தால் அழிக்க முனைகின்றது என்ற கருத்தை வெளியிட்டார். புகையிரதமும் நீராவிக் கப்பலும் தந்தியும் பரவிய காலத்தில் எழுந்த அக்கருத்து ஜெற் விமானக் காலத்துக்கும் பொருந்துவதாகவே தோன்றும். 86 மணித்தியாலத்தை 36 ஆக்கிய கொமெற் விமானம் அதன் உதாரணமாகக் காட்டத்தக்கது. ஆயினும் ‘முனைகின்றது’ என்ற சொல்லை நாம் கவனித்தல் வேண்டும். அழித்துவிட்டது என்பதும் அழிக்க முனைகின்றது என்பதும் ஒன்றல்ல. ஹெல்சிங்கி – டோக்கியோ வழியின் வரலாறு காட்டுவது யாதெனில், அழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட இடத்தை அரசுகள் சில நாட்களுக்குள் மீண்டும் நிறுவ வல்லன என்பதாகும்.

ஆகவே தொழில்நுட்பம் உலகைச் சுருக்குகின்றது என்ற பொதுக்கருத்தைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். தொழில்நுட்பம், சுருங்கக்கூடிய அளவின் எல்லையையே நிர்ணயிக்கின்றது. அவ்வெல்லை இவ்வழியில் ஒன்பதரை மணித்தியாலம். அந்த எல்லையை மக்கள் உண்மையில் அடைவரா, அன்றி மேலும் மூன்றரை மணித்தியாலத்தைச் செலுத்துவரா என்பதை நாடுகளுக்கிடையிலான உறவுகளே நிர்ணயிக்கின்றன. 7,830 கிலோமீற்றர் என்ற எண்ணுக்கு ஆண்டு குறிக்க வேண்டியதில்லை. 13 மணித்தியாலம் என்ற எண்ணுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் என்ற எண்ணுக்கும் ஆண்டு குறிக்காவிடில் அவை பொருளற்றவை.

இதிலிருந்து கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் ஒரு நடைமுறைப் பயனுண்டு. புவியியற் பாடங்களிலும் பொருளியற் பாடங்களிலும் பயண நேர அட்டவணைகள் தரப்படும்போது, அவை இயற்கையின் தரவுகளைப் போல எடுத்தாளப்படுகின்றன. எந்த ஆண்டில், எந்த வழியாக, எந்நாட்டு விமானத்தில் என்ற மூன்று வினாக்களை ஒவ்வோர் அட்டவணைக்கும் எழுப்ப மாணவர் பழகுவாராயின், போக்குவரத்துப் புவியியல் அரசியற் பொருளியலோடு கொண்டுள்ள உறவு அவர்களுக்கு எளிதிற் புலனாகும். வானுக்குப் பாதையில்லை என்று எண்ணுவோர் பலர். மனிதர் வகுத்த பாதைகள் வானிலும் உண்டு. அவற்றைத் திறப்பதும் மூடுவதும் மனிதரின் தீர்மானங்களே. மனிதரால் மூடப்பட்ட பாதை மனிதராலேயே மீண்டும் திறக்கப்படவும் கூடும் என்பதை 1983 க்கும் 2022 க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் உணர்த்துகின்றன.